போகும் உரிமை, இருக்கும் உரிமை: தஞ்சைப் பண்ணையாட்களின் இரு வரலாறுகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றில் இடம்பெயர்வு விடுதலையின் பாதை. 1910களிலிருந்து 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் பேர் தென் மாநிலங்களை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனதையும் பின்னர் எழுந்த குடிமை உரிமைப் போராட்டத்தையும் ஆய்வாளர்கள் ஒரே தொடர்ச்சியாகப் பார்க்கிறார்கள். பழங்குடிகளின் வரலாற்றிலோ துரத்தப்படாமல் சொந்த மண்ணில் இருப்பதே முதல் உரிமை. காவிரிப் படுகையின் தலித் பண்ணையாட்களைப் பற்றிய ஆய்வுகளும் இப்படி இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. கடல் கடந்தவர்களைப் புலம்பெயர்வு ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்; ஊரில் நின்று போராடியவர்கள் வேளாண் சமூக ஆய்வாளர்களின் பங்குக்குப் போனார்கள். சுனில் அம்ரித்தின் வங்காள விரிகுடா வரலாறு (2013) முதல் வகை. காத்லீன் கஃப் 1981இலும் 1989இலும் வெளியிட்ட தஞ்சை நூல்கள் இரண்டாம் வகை. தஞ்சையைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பிரித்துப் படிக்க முடியாது என்பது என் வாதம். இரண்டையும் சேர்க்கும் முடிச்சு, குடிசை நின்ற மனையில் இருக்கிறது.

1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்றம் தந்துவந்த ஆதரவை நீக்கியது. ஆனாலும் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ வாங்கிய கடன் ஒரு தளை. குடியிருந்த இடம் இன்னொரு தளை. சேரி நின்ற மண் பெரும்பாலும் மிராசுதாருக்குச் சொந்தம். அவரைப் பகைத்துக்கொண்டவன் வேலையோடு வீட்டையும் இழந்தான். சேரிக்கு மனை வாங்கித் தர 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு எடுத்த முயற்சியை நிலவுடைமையாளர்கள் எவ்வளவு மூர்க்கமாக எதிர்த்தார்கள் என்பதை ரூபா விஸ்வநாத்தின் நூல் (2014) ஆவணங்களோடு விளக்குகிறது. எதிர்ப்புக்குக் காரணம் வெளிப்படை: மனை கைமாறினால் ஆளும் கைவிட்டுப் போவான். அதற்கு முன்பிருந்தே நாகப்பட்டினம் துறைமுகம் திறந்திருந்தது. ஆள் திரட்ட முன்பணத்தோடு ஊருக்கு வந்த கங்காணியின் பின்னால் பினாங்குக்குக் கப்பல் ஏறியவர்களில் சேரி மக்கள் கணிசமானோர்.

கங்காணி முறையே கடனடிமைதானே, அதை விடுதலை என்பது எப்படி என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மலாயா ரப்பர் தோட்டத்துக் கொடுமைகளை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. போனவர்கள் எல்லாரும் தலித்துகளும் அல்லர். ஆனால் தோட்டத்தில் அவர்கள் எதைக் கேட்டார்கள் என்று பார்க்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையும் தோட்ட எழுத்தரான கிராணியும் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். தஞ்சை தம்பிக்கோட்டையில் பிறந்து மலாயாவின் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்குத் தலைவரான எஸ்.ஏ. கணபதி, 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கப்பல் தானாக விடுதலை தரவில்லை. மிராசுதாரின் மனையில் நின்று கேட்க முடியாததைக் கேட்க வேறொரு களம் தந்தது.

ஊரில் இருந்தவர்களும் அதே சுயமரியாதையைத்தான் கேட்டார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் 1943இல் கீழத்தஞ்சைக்கு வந்து விவசாயச் சங்கத்தை வளர்த்தார். 1944இல் ஏற்பட்ட மன்னார்குடி ஒப்பந்தம் சவுக்கடியையும் சாணிப்பால் புகட்டுவதையும் தடுத்தது. 1952ஆம் ஆண்டுப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வேலைநீக்கத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. மிராசுதார்கள் அதற்கும் வழி கண்டார்கள்: பண்ணையாளை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் வைத்தார்கள். அறுவடைக் கூலிக்குச் சங்கம் பேரம் பேசிய இடங்களில் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். கீழ்வெண்மணிப் பூசலின் வேர்களில் இதுவும் ஒன்று. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட ஊரில், 1968 டிசம்பர் 25 இரவு, ராமையா என்பவரின் சிறு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்பது அதன் ஐயங்களில் ஒன்று. அந்தத் தர்க்கத்தை அப்போதே தோலுரித்தவர் இடதுசாரிச் செயல்பாட்டாளர் மைதிலி சிவராமன்.

வெண்மணி கூலிப் போராட்டமா, சாதிக் கொடுமையா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. கூலி கேட்டதால் தாக்கினார்கள் என்பது உண்மை. இறந்த 44 பேரும் தலித்துகள் என்பதும் உண்மை. கூலியும் சாதியும் ஒரே மனையில் குடியிருந்ததால்தான் சேரி முழுவதையும் ஒரே இரவில் குறிவைக்க முடிந்தது. சாதியை நிறவெறியோடு ஒப்பிடலாமா என்ற கேள்வியும் உண்டு. தீண்டாமை அடிமை முறையிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று விரிவாக எழுதிய அம்பேத்கரே, 1946இல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் அனுப்பிய மனுவின் படிகளைக் கேட்டார். இரண்டும் ஒன்று என்று சொல்லாமலே ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்கலாம் என்பதற்கு இந்தச் சான்று போதும்.

1971ஆம் ஆண்டுக் குடியிருப்பு உரிமைச் சட்டம் குடிசை நின்ற மனையை அதில் வாழ்ந்தவருக்கே உரிமையாக்கியது. கூலிச் சட்டங்களுக்குக் கிடைத்த கவனம் இதற்கு ஆய்வுலகில் கிடைக்கவில்லை. கூலியை அடுத்த பட்டத்தில் குறைத்துவிடலாம். மனைப் பட்டாவை அப்படிப் பறிக்க முடியாது. 1981இல் காந்தியத் தம்பதியர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் தொடங்கிய லாப்டி அமைப்பு நிலத்தையே தலித் பெண்களின் பெயருக்கு மாற்ற முனைந்ததும் இதே புரிதலில்தான். பட்டா உள்ளவன் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்த் திரும்பி வரலாம். வேண்டாத வேலையை வேண்டாம் என்று சொல்லலாம். இன்று தஞ்சை வயல்களில் நடவு நட மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் தங்குமிடத்துக்கு யாரை நம்பியிருக்கிறார்கள், கூலியைப் பேசுபவர் யார் என்பதே டெல்டா ஆய்வின் அடுத்த கேள்வி. அதைக் கேட்காமல் வெண்மணிக்கு ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துவது பாதிக் கடமைதான்.