பதினான்கு பருவங்கள், தவறாமல் இருநூறு

மார்க் பர்லி என்ற இடதுகைப் பிட்சர் 2015 பருவத்துக்குப் பிறகு பேஸ்பால் ஆடவில்லை. அவரைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் எடுப்பது 2009 ஜூலை 23ஆம் தேதியைத்தான். டாம்பா பே ரேஸ் பேட்டர்களை, அடிக்க வந்த 27 முறையும், ஒருவர்கூட பேஸை எட்டாமல் வெளியேற்றிய ‘பெர்ஃபெக்ட் கேம்’ அது. ஒன்பதாவது இன்னிங்ஸில் டுவெய்ன் வைஸ் சுவரோரம் எம்பிப் பிடித்த கேட்ச் இல்லையென்றால் அந்தப் பெருமை கிடைத்திராது. ஒருநாள் அற்புதத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. அதிர்ஷ்டத்தால் எட்ட முடியாத சாதனை ஒன்று பர்லியிடம் இருக்கிறது. 2001 முதல் 2014 வரை, பதினான்கு பருவங்களில் ஒன்றுகூடத் தவறாமல், அவர் 200 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார்.

ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சருக்குச் சுமார் 33 வாய்ப்புகள் வரும். ஒவ்வொன்றிலும் ஆறு இன்னிங்ஸாவது தாக்குப்பிடித்தால்தான் 200 சாத்தியம். அவர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே சரிந்தால் மாற்றுப் பிட்சர்கள் மீதியைச் சுமக்க வேண்டும். மறுநாளும் அவர்கள் களைத்த கையோடுதான் வருவார்கள். நிலைத்து வீசுபவரால் அணிக்குக் கிடைக்கும் பலன் பெரும்பாலும் சகாக்களின் கணக்கில்தான் சேருகிறது. அவரது சொந்தப் புள்ளிவிவரங்களில் அதற்கு இடமே இல்லை. இந்த உழைப்பு கவனிக்கப்படாமல் போவதற்குக் காரணம் அதுதான்.

அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 1998 தேர்வில் 38ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர் பர்லி. வேகம் அவர் பலமல்ல; பிற்காலத்தில் அவரது பந்து மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொடுவதே அரிது. பந்து கைக்கு வந்ததும் வீசிவிடுவார், குறிபார்த்து வீசுவார், தயங்கி நிற்கமாட்டார். 2005 ஏப்ரலில் சியாட்டில் அணிக்கு எதிரான ஆட்டத்தை 99 நிமிடங்களில் முடித்தார். அதே ஆண்டு, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தைத் தொடங்கியவர், மூன்றாம் ஆட்டத்தின் 14ஆவது இன்னிங்ஸில் வந்து கடைசி பேட்டரை வீழ்த்தினார். 1917க்குப் பிறகு அவரது அப்போதைய அணியான சிகாகோ ஒயிட் சாக்ஸ் வென்ற முதல் உலகத் தொடர் அது.

ஆனால் 200 என்ற எண்ணை வைத்தே ஒருவரை மதிப்பிடும் வழக்கத்தில் குறைகளும் உண்டு. 2006இல் பர்லி 204 இன்னிங்ஸ் வீசினார். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 4.99. அளவு இருந்தது, தரம் இல்லை. அந்தப் பருவமும் பதினான்கில் ஒன்றாகத்தான் எண்ணப்படுகிறது.

அதைவிட வருத்தம் தருவது 2015இன் கடைசி நாள். அப்போது அவர் டொரான்டோ அணியில் இருந்தார்; 200க்கு இன்னும் இரண்டு இன்னிங்ஸ் தேவை. முந்தைய ஆட்டம் முடிந்து ஒரே நாள் ஓய்வில் மீண்டும் வீச வந்தார். ஃபீல்டிங் பிழையைத் தொடர்ந்து எட்டு ரன்கள் போயின; முதல் இன்னிங்ஸைக்கூட முடிக்க முடியவில்லை. கணக்கு 198⅔இல் நின்றது. மீதி 1⅓ இன்னிங்ஸால் அந்தப் பருவத்தின் மதிப்பு கூடவோ குறையவோ போவதில்லை. 36 வயதுக் கையை அப்படி வருத்தியது எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே 200 என்ற கோட்டை விட்டுவிடலாம். சுமையின் மொத்தத்தைப் பார்ப்போம்: பதினாறு பருவங்கள், 3,283⅓ இன்னிங்ஸ், 214 வெற்றிகள். மூன்றாவது முறை எதிர்கொள்ளும்போது பேட்டர்கள் பிட்சரை நன்றாகவே அடிக்கிறார்கள் என்பதால், இன்றைய அணிகள் அவரைச் சீக்கிரமே மாற்றிவிடுகின்றன. அந்தக் கணக்கு சரியானதுதான். அதன் விளைவாக 2024இல் 200 இன்னிங்ஸைத் தொட்டவர்கள் நால்வர் மட்டுமே. பர்லி செய்ததை இனி ஒருவர் செய்வார் என்று நான் நம்பவில்லை.

2021இல் பேஸ்பால் புகழ்மன்றத் தேர்வுக்கு அவர் பெயர் முதன்முறை வந்தபோது கிடைத்த ஆதரவு 11 சதவீதம், தேவை 75. அவரது 3.81 ரன் சராசரி உச்சத்தில் இருப்பவர்களுக்குரியதல்ல என்ற வாதத்தை ஏற்கிறேன். ஆனாலும் அந்தத் தேர்வில் வாக்களிக்கும் பேஸ்பால் எழுத்தாளர்கள் உயரத்தை அளப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒருவர் எத்தனை ஆண்டுகள் எவ்வளவு சுமந்தார் என்பதையும் எடைபோட வேண்டும்.