ஆனந்த குமாரசுவாமியின் கலைநெறி: நூல், நிழற்படம், பொதுவாழ்வு

ஆனந்த குமாரசுவாமி (1877–1947) தமிழாய்வாளரிடையே ஆடல்வல்லான் திருவுருவத்தின் உட்கருத்தை உலகறிய விளக்கியவராகவே பெரிதும் அறியப்படுகிறார். 1912இல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘சித்தாந்த தீபிகை’யில் அவர் எழுதிய கட்டுரை உண்மை விளக்கம், திருமந்திரம் முதலிய தமிழ்ச் சைவ நூல்களைச் சான்றாகக் கொண்டமையால் இவ்வறிமுகம் பொருத்தமானதே. ஆயினும் 1907 முதல் 1917 வரை இங்கிலாந்தைத் தளமாகக் கொண்டு அவர் ஆற்றிய பணிகளுள் அக்கட்டுரை ஒன்று மட்டுமே. ஒரே கலைநெறியை நூலாக்கத்திலும் நிழற்படத்திலும் பொதுவாழ்விலும் செயற்படுத்த அவர் முயன்ற காலம் அது. செய்பொருள் தன் பயனுக்கும் உட்கருத்துக்கும் இயைந்திருத்தல் வேண்டும். செய்பவனை அவன் செய்யும் பொருளிலிருந்து பிரித்தல் ஆகாது. அழகு மேலே பூசப்படும் ஒப்பனையன்று. அந்நெறியை இவ்வளவில் சுருக்கிக் கூறலாம். பொருள்களுக்குப் பொருந்திய அந்நெறி மனிதர்க்கும் அவ்வாறே பொருந்திற்றா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அந்நெறியின் ஊற்று இலண்டன் மாநகரிலேயே இருந்தது. 1888இல் சி. ஆர். ஆஷ்பி கிழக்கு இலண்டனின் வயிட்சாப்பல் பகுதியில் ஒரு கைவினைக் கழகத்தை நிறுவினார். மேற்கே ஹாம்மர்ஸ்மித்தில் வில்லியம் மோரிஸ் கெல்ம்ஸ்காட் அச்சகத்தை நடத்தினார். தொழிற்சாலை உற்பத்தி உழைப்பாளியை அவன் உழைப்பின் பயனிலிருந்து பிரித்துவிட்டது என்பது இருவர்க்கும் பொதுவான குற்றச்சாட்டு. ஆஷ்பியின் கழகம் 1902இல் குளோஸ்டர்ஷயரிலுள்ள சிப்பிங் கேம்டனுக்கு இடம்பெயர்ந்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவைத் துறையை நடத்திய குமாரசுவாமி, நாடு திரும்பியபின் அவ்வூரை அடுத்த பிராட் கேம்டனில் ‘நார்மன் சேப்பல்’ என்னும் பழங்கட்டடத்தில் குடியேறினார்.

அங்கேதான் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ (1908) அச்சாயிற்று. மோரிஸ் 1896இல் சாசரின் நூல்தொகுதியை அச்சிட்ட அதே கையச்சுப்பொறியில், ஆசிரியரின் இல்லத்திலேயே, அவர்தம் மேற்பார்வையில், 425 படிகள் மட்டும் அச்சிடப்பட்டன. பணி ஓராண்டுக்கும் மேலாக நடைபெற்றது. நூலின் அமைப்பில் கனிமவியலாளரின் கண் தெளிவாகத் தெரிகிறது. கல், மரம், தந்தம், உலோகம், அரக்கு, மண், நூல் எனச் செய்பொருளின் மூலப்பொருளே இயல் பிரிப்புக்கு அடிப்படையாகிறது. கண்டிச் சிற்பியின் பெயரும் ஊரும் தொழிற்கருவியும் பெறும் மதிப்பை அக்கால ஐரோப்பியக் கலைநூல்களில் காண்டல் அரிது. கைவினையைப் பற்றிய நூலே கைவினையாக அமைந்தமையின், நெறியும் செயலும் இங்கு முற்றும் ஒன்றுபட்டன. எனினும் அந்நூல் எந்தக் கண்டிக் கைவினைஞரின் கைக்கும் எட்டும் விலையிலோ மொழியிலோ இல்லை. செல்வர்க்கு மட்டுமே எட்டும் அழகிய நூல் என்னும் முரண் மோரிஸிடமிருந்து அச்சுப்பொறியோடு சேர்ந்தே வந்த மரபுரிமை எனலாம்.

நூலுக்கான நிழற்படங்களில் அவருடைய முதல் மனைவி எதல் பார்ட்ரிட்ஜின் பங்கு பெரிது. குமாரசுவாமி பற்றிய எழுத்துகளில் அப்பெயர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுவது முறையன்று. அவர் பெயர் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

நிழற்படத்தின் ஆற்றலும் ஆபத்தும் 1910 சனவரி 13ஆம் நாள் இலண்டன் அரச கலைக்கழகக் கூட்டத்தில் வெளிப்பட்டன. இந்தியக் கலை நிருவாகம் பற்றி ஈ. பி. ஹேவல் உரையாற்றிய அவ்வவையில், தலைமை வகித்த ஜார்ஜ் பேர்டுவுட், சாவகப் புத்தர் திருவுருவத்தின் நிழற்படம் ஒன்றைச் சுட்டி, அவித்த மாவுப்பண்டமும் அதே அமைதியை உணர்த்தக்கூடும் என எள்ளினார். பிப்ரவரி 28ஆம் நாள் ‘தி டைம்ஸ்’ இதழில் 13 பேர் கையொப்பமிட்ட மறுப்புக் கடிதம் வெளிவந்தது. தொடர்ந்து அவ்வாண்டிலேயே இந்தியக் கழகம் தோன்றியது. ஹேவல், வில்லியம் ரோதன்ஸ்டைன் ஆகியோருடன் குமாரசுவாமியும் அதன் நிறுவுநர்களுள் ஒருவர்.

நிழற்படத்தைக் காட்டி இகழ்ந்தவர்க்கு நிழற்படத்தாலேயே விடையளிப்பது போல் அமைந்தது ‘விசுவகர்மா’ தொகுதி. 1914இல் நிறைவுற்ற அந்நூல் எரிக் கில்லின் முன்னுரையுடன் நூறு சிற்பப் படங்களைக் கொண்டது. இலண்டன் பார்வையாளர் இந்தியத் திருவுருவங்களைச் சிற்பம் என ஏற்க இத்தகைய படங்கள் பெரிதும் உதவின. ஆனால் திருக்கோயிலில் செப்புத் திருமேனி பட்டும் மாலையும் அணிந்து, தீபவொளியில், வீதியுலாவில் காட்சி தருவது. அடியார் கண்ணுக்கு எட்டுவன பெரும்பாலும் திருமுகமும் கைகளும் திருவடிகளுமே. நிழற்படமோ ஆடை களைந்து, அணி நீக்கி, வெற்றுப் பின்புலத்தின்முன் அதே திருமேனியை நிறுத்துகிறது. பயனிலிருந்து பொருளைப் பிரித்தலாகாது என்றவர், பிரித்துக் காட்டியே அதற்கு மதிப்புத் தேடித்தர வேண்டியவரானார். இம்முரணை அவர் உணராதவர் அல்லர். 1943இல் இலண்டனில் வெளியான, கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது ஏன் என வினவும் தலைப்புடைய நூல் அதற்குச் சான்று. 1924இல் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸின் 27 நிழற்படங்களை பாஸ்டன் அருங்காட்சியகம் ஏற்கச் செய்தவரும் அவரே. அருங்காட்சியகத்தை ஐயுற்றவர் அதன் கதவை ஒரு புதிய கலைக்குத் திறந்துவிட்டார்.

பொதுவாழ்வில் சிக்கல் இன்னும் ஆழமானது. கண்டியில் 1905இல் வெளியான ‘இரவற் சிறகுகள்’ மேனாட்டு உடையைப் பின்பற்றுதலைக் கண்டித்தது. உடையும் செய்பொருளாதலின் அது அணிபவரின் நிலத்துக்கும் வாழ்வுக்கும் இயைய வேண்டும் என்பது அதன் வாதம். காலனியாட்சியின் கீழ் அதற்கிருந்த துணிவை மறுக்க இயலாது. ஆயினும் தென்திருவிதாங்கூரில் சாணார் குலப் பெண்டிர் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859இல்தான் அரச ஆணையைப் பெற்றனர்; அப்போதும் மேற்குலப் பெண்டிர் உடுத்துமாறு உடுத்தல் ஆகாது என்னும் தடை நீடித்தது. அவர்க்கு மதபோதகர் தந்த குப்பாயம் இரவற் சிறகன்று. மரபுடை என்பது யாருடைய ஆணையால் மரபாயிற்று என்னும் வினா குமாரசுவாமியின் நூலில் எழவில்லை.

அவ்வினா எழாமையின் விளைவு ‘இந்தியக் கைவினைஞன்’ (1909) நூலில் முழுமையாகத் தெரிகிறது. இலண்டனில் ஆஷ்பியின் முன்னுரையோடு வெளியான அந்நூல், தந்தையின் பட்டறையில் மகன் தொழில் பயிலும் முறையையும் தொழிற்குலங்களின் ஒழுங்கையும் இலட்சிய நிலையாக வரைகிறது. இங்கு ஒரு நகைமுரண் உண்டு. பேர்டுவுட் 1880இல் வெளியிட்ட நூலும் இந்தியக் கிராமக் கைவினைஞனை வானளாவப் புகழ்ந்ததே. மாறாத கிராமத்தில் மாறாத கைவினைஞன் என்னும் புகழ்ச்சியும், இந்தியாவில் உயர்கலை இல்லை என்னும் இகழ்ச்சியும் ஒரே பார்வையின் இரு பக்கங்கள். குமாரசுவாமி ஒரு பக்கத்தை முழுவன்மையோடு மறுத்து, மறுபக்கத்தை ஏறத்தாழ அப்படியே ஏற்றுக்கொண்டார்.

அவர்தம் குடும்பமே அவ்விலட்சியத்திற்கு மறுசான்று. தந்தை முத்துக்குமாரசுவாமி, கிறித்தவரும் யூதரும் அல்லாதார் நுழையாதிருந்த ஆங்கில வழக்குரைஞர் அவைக்குள் இலண்டன் லிங்கன்ஸ் இன் வழியாகப் புகுந்தவர்; 1863இல் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கி அந்நகரில் வெளியிட்டவர். மகனோ கனிமவியலிலிருந்து கலைவரலாற்றுக்குத் தம் விருப்பால் மாறியவர். பிறப்புவழித் தொழிலின் பெருமையை எழுதியவர், அத்தளையைத் தாம் ஒருநாளும் அணிய நேராதவர். எதலின் வாழ்வு இன்னும் கூர்மையான சான்று. நெசவாளர் குடியில் பிறவாத அவர், மணமுறிவுக்குப் பின் எதல் மெய்ரே என்னும் பெயரில் இயற்கைச் சாயங்கள் குறித்து 1916இல் நூல் எழுதினார். டிச்லிங் ஊரில் நெசவுப் பட்டறை நிறுவி, பல நாட்டு மாணவர்க்குத் தறியைக் கற்பித்தார். தொழில்துறைக்கான அரச வடிவமைப்பாளர் என்னும் தகுதியைப் பெற்ற முதற்பெண்மணியும் ஆனார். செய்பவரையும் செய்பொருளையும் பிரித்தலாகாது என்னும் நெறியைக் கைகளால் மெய்ப்பித்தவர் அவரே. அதற்குக் குலம் தேவைப்படவில்லை.

தமிழ் மரபிலும் இதற்கு இடமுண்டு. மணிமேகலையின் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதையில் சோழ மன்னனின் மண்டபத்தை எழுப்பியவர்களாகத் தமிழ்க் கைவினைஞரோடு மகத நாட்டாரும் மராட்டரும் அவந்தியரும் யவனத் தச்சரும் ஒருங்கே கூறப்படுகின்றனர். சாத்தனார் அங்கே போற்றுவது கைத்திறன். அவர்களை அடையாளப்படுத்துவன நாடும் தொழிலும். குமாரசுவாமி ஆஷ்பியிடமும் மோரிஸிடமும் தேடிய தொழிற்கழகத்திற்கு, குலத்தைக் காட்டிலும் இம்மண்டபமே நெருங்கிய உவமை. அவர்தம் இலண்டன் எழுத்துகளைத் தமிழில் பதிப்பிப்போர் ‘இந்தியக் கைவினைஞ’னை இக்காதையோடும் 1859ஆம் ஆண்டு ஆணையோடும் அருகருகே வைத்து முன்னுரை எழுதுதல் தகும்.