மாமியாருக்கு யார் சொல்வது?

சென்ற மாதம் ஒரு சமுதாய வளைகாப்புக்குப் போயிருந்தேன். அரசாங்கமே நடத்துகிற வளைகாப்பு. கல்யாண மண்டபம், கர்ப்பிணிகளுக்கு மாலை, சந்தனம், குங்குமம், கை நிறையக் கண்ணாடி வளையல், கடைசியில் ஐந்து வகை சாதம். வீட்டில் வளைகாப்பு நடத்த வசதியில்லாத பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று முகத்திலேயே தெரிந்தது. அதில் எனக்குக் குறையே இல்லை.

குறை, நடுவில் ஒன்றரை மணி நேரம் ஓடிய 'விழிப்புணர்வு'மேல்தான். ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரும் கீரை சாப்பிடச் சொன்னார்கள். பின்னால் ஃப்ளெக்ஸில் ரோஜா நிறத்தில் ஒரு பெண், கையில் ஆப்பிளும் திராட்சையும். (முருங்கைக்கீரைக்கும் கடலைமிட்டாய்க்கும் ஏனோ ஃப்ளெக்ஸில் இடம் கிடைப்பதில்லை.)

"பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடுக்கணும். ஆறு மாசம் தாய்ப்பால் தவிர தண்ணிகூடக் கூடாது" என்று டாக்டரம்மா சொன்னபோது முன்வரிசை மொத்தமும் தலையாட்டியது. மருமகளுக்குத் துணையாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் பக்கத்து நாற்காலியிடம் மெதுவாகச் சொன்னார்: "இவங்க சொல்லிட்டுப் போயிருவாங்க. எங்க வீட்டுல என் தம்பிதான் சேனை வெப்பான். புள்ளை அவனாட்டம் கெட்டிக்காரனா வரணும்ல?"

அந்த அம்மாவை அறியாமை என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட எனக்கு மனசில்லை. அவர் சொன்னதில் இருப்பது பிரியம். ஆனால் பச்சைக் குழந்தை நாக்கில் தடவுகிற சர்க்கரைத் தண்ணீரில் கிருமி இருக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. மேடை முழுக்கப் பேசியது மருமகளிடம். பிள்ளை பெற்றுக் களைத்துப் படுத்திருக்கப்போகிற அந்தப் பெண்ணா, "சித்தப்பா, சேனை வேண்டாம்" என்று தடுக்கப் போகிறாள்?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம். சபாஷ். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 60 சதவீதம்தான். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை 55. எல்லாப் பழியையும் மாமியார்மேல் போட முடியாது. பத்துக்கு நாலுக்கு மேல் சிசேரியன் நடக்கிற ஊரில், தையலோடு கிடக்கும் தாயிடம் குழந்தையைக் கொண்டுவந்து பால் குடிக்க வைப்பது ஆஸ்பத்திரியின் வேலையும்தான்.

சத்து மாத்திரை கதையும் இதுதான். வாரி வாரிக் கொடுக்கிறோம். அதே கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு ரத்தசோகை. மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே, காபியோடு போடாதே என்று யாராவது உட்கார்ந்து சொன்னால்தானே அது டப்பாவை விட்டு வயிற்றுக்குள் போகும்?

உட்கார்ந்து பேசிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடி கிராமங்களில் 2005 முதல் 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு மாதாமாதம் பெண்களைக் கூட்டியது. நடத்தியவர் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, அந்தப் பக்கத்துப் பெண்தான். படம் காட்டி, கதை சொல்லி, "ஏன் அந்தக் குழந்தை செத்தது?" என்று அவர்களையே கேட்டார். விடையையும் வழியையும் அவர்களே தேடினார்கள். கர்ப்பிணிகள் மட்டும் என்றில்லை, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். இரண்டாவது, மூன்றாவது வருடங்களில், பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் மற்ற கிராமங்களைவிட 45 சதவீதம் குறைவு என்று 2010-ல் 'லான்செட்' வெளியிட்டது.

அங்கே பெரும்பாலும் வீட்டுப் பிரசவம். இங்கே அதே பலன் வராது, ஒப்புக்கொள்கிறேன். வங்கதேசத்தில்கூட, குழுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தபோது பலனில்லை, எண்ணிக்கையைக் கூட்டிய பிறகுதான் பலன் தெரிந்தது. ஆனால் நம்மிடம் ஊருக்கு ஊர் அங்கன்வாடி இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு மேடை போடுகிற சிரமத்தில் பாதி போதும், மாதம் ஒரு நாள் மாமியார், மருமகள், புருஷன் எல்லோரையும் அங்கே வட்டமாக உட்கார வைக்க.

வளைகாப்பில் கடைசியாகப் புளிசாதத்துக்கு வரிசையில் நின்றோம். முன்னால் அதே அம்மா, தட்டோடு நின்ற கிராம நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா, அந்த மொதப் பாலு மஞ்சளா, கெட்டியா வருமே, அது புள்ளைக்குச் செரிக்குமா?" நர்ஸ் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். பின்னாலிருந்து இரண்டு மாமியார்கள் வரிசையை விட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள்.