எண் காட்டாத நீல பம்ப்

சில வாரங்களாக இரண்டு பம்புகள் என் சட்டைப்பையில் மாறி மாறிக் கிடக்கின்றன. ஒன்று, மலேசியாவில் எங்கள் சுங்கை ஊடாங் பக்கம் ஆஸ்துமாக்காரர் உள்ள வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கும் நீல நிற சால்புட்டமோல். இன்னொன்று, டாக்டர் புதிதாக எழுதிக்கொடுத்த சிம்பிகோர்ட் டர்புஹேலர்.

நீல பம்பின் மருந்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1969-இல் வெண்டோலின் என்ற பெயரில் வந்த நாள் முதல் எத்தனை உயிர்களைக் காப்பாற்றிய மருந்து! ஐந்து நிமிடத்தில் நெஞ்சு இளகிவிடும். ஓர் அழுத்துக்கு 100 மைக்ரோகிராம், குப்பிக்கு 200 அழுத்து என்பதெல்லாம் தெரிந்த கதை. என் கோபம் குப்பியின் மேல்தான். என்னிடம் உள்ளதில், இன்னும் எத்தனை மிச்சம் என்று காட்டும் எண் கிடையாது.

200 முடிந்த பிறகும் குப்பிக்குள் உந்துவாயு மிச்சமிருக்கும். அழுத்தினால் அதே ‘புஸ்’ சத்தம் வரும். மருந்து சரியாக வராது. குலுக்கினாலும் தளும்பும். தண்ணீரில் போட்டு, மிதந்தால் காலி என்று பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நம்பவே கூடாது. வால்வில் தண்ணீர் ஏறி பம்பும் கெடும். நடுராத்திரியில் மூச்சு முட்டும்போது வெறும் வாயுவை இழுத்துவிட்டு, மருந்து எடுத்தாயிற்று என்று படுத்தால் என்னாவது? 2013 ஜூன் புகைமூட்டத்தில் பக்கத்து மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி, அவசரநிலை அறிவித்தார்களே, அப்படி ஒரு நாளில் காலிக் குப்பியோடு ஒருவர் நிற்கலாமா? எண் காட்டும் பம்புகள் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்னும் எண் இல்லாமல் செய்து விற்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

டர்புஹேலரில் அடிப்பாகத்தைத் திருகித் திருப்பினால் ‘கிளிக்’. பிறகு வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். மருந்துப் பொடி நாக்கில் தெரியாததால் இழுத்தோமா என்றே சந்தேகம் வரும். ஆட்டினால் கலகலப்பது மருந்தல்ல, ஈரம் உறிஞ்சும் பொருள். காலியான பிறகும் அது கலகலக்கும். ஆனால் பக்கவாட்டில் ஒரு குட்டி ஜன்னல் உண்டு. மிச்சம் பத்துக்குக் கீழே வந்தால் பின்னணி சிவப்பாகிறது. நடுவில் பூஜ்யம் வந்தால் தீர்ந்தது. எனக்கு இது பெரிய நிம்மதி. நம்மூர் ஈரக்காற்றுக்கு மூடியை இறுக்கி மூடுவது முக்கியம், டர்புஹேலருக்குள் ஊதவும் கூடாது.

இதில் மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோட்டெரோலோடு வீக்கத்தைக் குறைக்கும் பியூடசொனைடும் சேர்ந்திருக்கிறது. சால்புட்டமோலை மட்டும் நம்பி ஆஸ்துமாவை ஓட்டக்கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டியான ‘ஜீனா’ 2019-லேயே பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகளால் பொடியை வேகமாக இழுக்க முடியாது. அவர்களுக்கு ஸ்பேசர் என்ற இணைப்புக் குழலோடு நீல பம்புதான் சரி.

டாக்டர் சம்மதித்தால், பெரியவர்களுக்கு என் ஓட்டு டர்புஹேலருக்கே. நீலம்தான் என்றால் பார்மசியில் எண் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் திறந்த தேதியைக் குப்பியில் எழுதி, அழுத்தும் கணக்கைக் குறித்து வையுங்கள். வருஷத்தில் மூன்று நீலக் குப்பி தீர்ந்தாலே ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம், டாக்டரைப் பாருங்கள்.