காண்போர் பங்கும் திரைப்படத்தின் வெற்றியும்

பனமலைக் குன்றின்மேல் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கற்றளியில் ஓர் ஓவியம் உண்டு. ஏறக்குறைய 1300 ஆண்டுகட்கு முற்பட்ட அவ்வோவியத்தில், முடிசூடிய உமை, குடை நிழலில், ஒரு காலை மடித்து நின்று இறைவன் ஆடலைக் காண்கின்றாள். ஆடிய பெருமானின் உருவம் பெரிதும் அழிந்துவிட்டது. கண்டவளின் உருவமே இன்று எஞ்சியுள்ளது. கூத்தின் பயனை அறிய விரும்புவோர் ஆடுவோரை மட்டுமன்றிக் காண்போரையும் நோக்குதல் வேண்டும் என்பதற்கு இதனை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். திரைப்படங்கள் சில பெருவருவாய் ஈட்டி வெற்றி பெறுதற்குக் காரணம் யாது என்னும் வினாவை இந்நோக்கில் ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இவ்வினாவிற்கு விடை கூறுவோர் இரு திறத்தர். நடிகர் புகழ், பாடல், பெரும் பொருட்செலவு ஆகியனவே காரணம் என்பர் ஒரு சாரார். மக்கள் சுவை தாழ்ந்தமையே காரணம் என்பர் கற்றோருள் ஒரு சாரார். முன்னையோர் கூறுவன அனைத்தும் பொருந்தியும் தோற்ற படங்கள் பல. பின்னையோர் கூற்றோ விடையன்று, வினாவைக் கைவிடுதலேயாம். தாழ்ந்த சுவைதான் காரணமெனின், தாழ்ந்த படங்கள் யாவும் வென்றிருத்தல் வேண்டும், அங்ஙனம் நிகழவில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டோர், சுவைக்கப்படும் பொருளையும், அதனை உணரும் உணர்வையும், அவ்வுணர்வால் உள்ளத்து நிகழும் குறிப்பையும், உடலிற் புலப்படும் விறலையும் வேறு வேறாகப் பிரித்துணர்த்தினர். திரைப்படம் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் சுவைப்பொருளளவில் நின்றுவிடுகின்றது. வெற்றி நிகழுமிடமோ உணர்வோன் உள்ளமாகும்.

முதற்கண், வெற்றியின் அளவுகோல் மாறிவந்துள்ளமையை உளங்கொளல் வேண்டும். முற்காலத்திற் படப்பிரதிகள் சில; நகரக் கொட்டகைகளில் ஓடிய பின்னரே அவை சிற்றூர்க் கீற்றுக் கொட்டகைகளை அடைந்தன. ஆகவே நூறு நாள், வெள்ளி விழா என நாட்கணக்கே வெற்றிக்கு அளவாயிற்று. இக்காலத்தில் ஒரே நாளில் பல நூறு திரைகளில் வெளியிடப்படுவதால் முதல் வார வருவாயே அளவாகின்றது. முதல் வாரக் கூட்டத்தை விளம்பரம் தேடித் தரலாம். ஆனால் நெடுநாள் ஓட்டத்தைத் தருவது வேறொன்று. அவ்வேறொன்றே ஈண்டு ஆராய்தற்குரியது.

1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அது ஓடிய காலத்திலேயே அதன் நாயகர் தியாகராச பாகவதர் கொலை வழக்கொன்றிற் சிறைப்பட்டார். 1947இல் விடுதலை பெற்றார். நாயகர் சிறையிலிருந்தும் படம் நின்றிலது. மனைவி சொற்கேட்டும் கணிகை மயலிற்பட்டும் பெற்றோரைப் புறக்கணித்தவன், பின்னர் உணர்ந்து அவர்க்குத் தொண்டு செய்தலே கதை. இதன் முடிவை அறியாது வந்தவர் எத்துணையர் இருந்திருப்பர்? தம் இல்லத்து நிகழ்வனவற்றைத் திரையிற் காணவும், கலங்கவும், ஆறுதல் பெறவுமே மக்கள் மீண்டும் வந்தனர் எனல் பொருந்தும்.

அங்ஙனமாயின் புதுமை வெல்லாதோ எனின், வெல்லும். 1952ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளியான 'பராசக்தி' புராணக் கதையன்று, சீர்திருத்தக் கருத்துடையது, நாயகர் சிவாசி கணேசன் திரைக்குப் புதியவர். எனினும், அதன் சிறப்புப் பகுதியாகிய நீதிமன்றக் காட்சியின் அமைப்பைக் காண்க. தீங்குற்றோர் அவை நடுவே நின்று வழக்குரைக்கும் நிலை, கண்ணகி பாண்டியன் அவையில் நின்ற நாள்தொட்டுத் தமிழர்க்குப் பழகியது. கருணாநிதியின் உரையாடல் இசைத்தட்டாக வெளிவந்து, மனப்பாடமாகப் பலராலும் பேசப்பெற்றது. பொருள் புதிது, அதனை ஏற்கும் உள்ளத்தின் தடம் பழையது.

இக்கருத்தை உறுதிசெய்யும் சான்று 'கர்ணன்' ஆகும். பந்துலு பெருஞ்செலவில் எடுத்த அப்படம் 1964ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வெளிவந்தது. செலவிற்கேற்ற வருவாயை அன்று ஈட்டவில்லை என்றே திரை வரலாறு எழுதுவோர் பலரும் கூறுவர். அதே படம் புதுக்கப்பெற்று 2012 மார்ச்சுத் திங்களில் மீண்டும் வெளியிடப்பட்டபோது சென்னையில் நூறு நாளைக் கடந்து ஓடியது. நடிகர், பாடல், உரையாடல் எவையும் மாறவில்லை, சுவைப்பொருள் ஒன்றே. இடைப்பட்ட 48 ஆண்டுகளில் அதன் பாடல்கள் வானொலி வழியும் காட்சிகள் தொலைக்காட்சி வழியும் மக்கள் நினைவில் ஊறியிருந்தன. மாறியது காண்போர் கொண்டுவந்த பங்கேயாம். புதுக்கிய ஒளியும் ஒலியும் துணைசெய்தன என்பது உண்மை. எனினும் அவை மட்டுமே அக்கூட்டத்தை ஈர்த்தன எனல் இயலாது.

பனமலையைச் சூழ்ந்த விழுப்புரம், திண்டிவனப் பகுதிகளில் திரௌபதியம்மன் விழாக்களைக் கண்டோர்க்கு இது வியப்பாகாது. பகலிற் பாரதம் படிக்கக் கேட்டவரே இரவிற் கூத்தாகவும் அதனைக் காண்பர். கர்ணன் மாய்வான் என்பதைச் சிறாரும் அறிவர். ஆயினும் அவன் போர்க்களம் புகுமுன் பொன்னுருவியிடம் விடைபெறும் காட்சிக்காக விடியுமளவும் விழித்திருப்பர். வடதமிழ்நாட்டில் 'கர்ண மோட்சம்' இறந்தோர் கருமாதியிலும் ஆடப்பெறுவது. ஆங்கு அழுவோர் கர்ணனுக்காக மட்டும் அழுவதில்லை. தம் வீட்டில் இறந்தவர்க்காகவும் அழுகின்றனர். ஆடுவோன் பாதி தருகின்றான். காண்போன் பாதி கொணர்கின்றான்.

1948இல் வாசன் வெளியிட்ட 'சந்திரலேகா' வெறும் பிரம்மாண்டத்தால் வென்றது எனச் சிலர் தடை நிகழ்த்தக்கூடும். அதன் முரசு நடனம் மருட்கை தருவதே. ஆயினும் அம்முரசுகளுள் மறைந்திருந்த வீரர் வெளிப்பட்டுக் கொடியோன் கோட்டையைத் தாக்குகின்றனர். மருட்கை, நாயகி விடுதலை பெறல் வேண்டும் என்னும் காண்போர் வேட்கையோடு பிணைந்துள்ளது. பொருட்செலவை மட்டும் பின்பற்றுவோர் தோற்பது இப்பிணைப்பைக் காணாமையாலாகும். 2022இல் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' முதற்பாகத்திற்கும், 1950 முதல் கல்கி தொடராக எழுதிய கதையைப் படித்தோரும் கேட்டோரும் கொண்டுவந்த பங்கு சிறிதன்று.

வெற்றிபெற்றது யாவும் சிறந்தது என்பது எம் கருத்தன்று. வருவாய் வேறு, கலைத்தகுதி வேறு. பழகிய உணர்வைத் தூண்டுவோர் நல்லுணர்வையும் தூண்டலாம். சாதிச் செருக்கையும் பெண்ணிழிவையும் தூண்டலாம். அதனாலேயே ஆராய்ச்சி மிக வேண்டப்படுகின்றது. மக்கள் சுவையைப் பழித்து ஒதுங்குவோர் அம்மக்கள் எதனைப் போற்றுகின்றனர், எதனை அஞ்சுகின்றனர் என்பதை அறியாதவராகவே நிற்பர். கூத்து நூல்களைப் பதிப்பித்து ஆராயும் நம் துறைகள், பாட்டுப் புத்தகங்கள், கதை வசன நூல்கள், கொட்டகை விளம்பரங்கள் ஆகியவற்றையும் தொகுத்தல் வேண்டும். ஊர்தோறும் முதியோரை வினவி, எப்படத்தை எத்துணை முறை, யாருடன், எதன்பொருட்டுக் கண்டனர் எனக் குறித்தல் வேண்டும். அவர் நினைவுகள் மறைந்துவிடின், ஆட்டத்தின் பாதி நமக்குக் கிட்டாதொழியும்.