தக்காளியும் பென்ஷனும்: நெரவியிலிருந்து ஒரு படம்

ரஷீத் புஷாரெப் இயக்கிய 'ஆந்திஜேன்' (ஆங்கிலத்தில் 'டேஸ் ஆஃப் குளோரி') பற்றி ஒரு கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. அதிபர் ஷிராக் படத்தைப் பார்த்தார், மனசு இளகினார், முன்னாள் காலனிகளின் சிப்பாய்களுக்குப் பல வருஷமாக உறைந்து கிடந்த பென்ஷனை உயர்த்தினார் என்று. படம் பிரான்சில் வெளியான அதே நாளில், 2006 செப்டம்பர் 27-இல், அறிவிப்பும் வந்தது. ஒரு சினிமா சட்டத்தை மாற்றியது என்பதற்கு இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். பாதி சரி. விட்டுப்போன மீதிப் பாதிதான் எங்க நெரவி மாதிரி ஊருக்கு முக்கியம்.

காரைக்கால் பக்கம் 'சொல்தா' என்ற சொல் இன்னும் புழங்குகிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இந்தோசீனாவுக்குப் போனவர்கள் இதில் நிறைய. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தானது. சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அன்றைக்கு இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமகன், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் தானாக இந்தியர். இந்தியாவுக்கு வெளியே, சைகோனிலோ பாரிஸிலோ, குடியிருந்தவர் ஒன்றும் செய்யாவிட்டால் பிரெஞ்சுக்காரராகவே நீடிப்பார். மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது உடனே கண்ணில் படும். ஒரே கேள்வி, ஆனால் 'டீஃபால்ட்' பதில் ஆள் நிற்கிற இடத்தைப் பொறுத்து மாறுகிறது. பணி முடிந்து ஊர் திரும்பி விவசாயம் பார்த்தவருக்கு ஒரு விதி, இன்னும் வெளியிலேயே இருந்தவருக்கு வேறு விதி.

இதோடு 1959 டிசம்பர் 26-ஆம் தேதியிட்ட பிரெஞ்சு நிதிச் சட்டத்தின் 71-ஆவது பிரிவைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பிரெஞ்சு யூனியனில் இருந்த நாடுகள், நிலப்பகுதிகளின் குடிமக்கள் வாங்குகிற பென்ஷன், 1961 ஜனவரி 1 முதல் ஆண்டுத் தொகையாக மாற்றப்படும். மாற்றிய நாளின் விகிதத்தோடு அது நின்றுவிடும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'படிகமாக்கல்'. நல்ல அழகான சொல்தான்! பிரெஞ்சுக் குடிமகனின் பென்ஷன் விலைவாசியோடு ஏறிக்கொண்டே போகும். அவர் பக்கத்தில் நின்று அதே காவல் பார்த்தவரின் பென்ஷன் 1961-லேயே நிற்கும். பிரெஞ்சு இந்தியாவும் அந்த யூனியனில் இருந்த நிலப்பகுதிதான். நெரவியில் 'அவருக்கு அதிர்ஷ்டம், பிரெஞ்சு பென்ஷன்' என்று பேசுகிறோமே, அந்த அதிர்ஷ்டத்தின் கணக்கு இந்த இரண்டு காகிதங்களில் இருக்கிறது.

இப்போது படத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வீரர்கள் இத்தாலியில் தொடங்கி ப்ரொவான்ஸ், வோஜ் மலை, அல்சாஸ் வரை சண்டை போட்டுக்கொண்டே போகிறார்கள். ஜமேல் தெபூஸ், ரோஷ்தி ஜெம், சமி நாசெரி, சமி புவஜிலா, பெர்னார் பிளாங்கான் ஐந்து பேருக்கும் சேர்த்து கான் விழாவில் நடிப்புக்கான பரிசு கொடுத்தார்கள், தகும். படத்தின் மிகச் சிறந்த காட்சியில் சண்டையே கிடையாது. கப்பலில் சாப்பாடு போடுகிறார்கள். வெள்ளைச் சிப்பாய்க்குத் தக்காளி உண்டு, ஆப்பிரிக்கச் சிப்பாய்க்குக் கிடையாது. அப்துல்காதர் அந்தத் தக்காளிகளை எல்லோர் முன்னாலும் காலால் நசுக்குகிறான். குண்டு வரும்போது சமம், தட்டு வரும்போது சமமில்லை. பென்ஷன் பிரச்சினை மொத்தமும் அந்தத் தட்டில் இருக்கிறது.

ஆனால் படம் அந்த இடத்தில் நிற்பதில்லை. ஒரு சிறு குழு அல்சாஸ் கிராமம் ஒன்றைத் தனியாகத் தாங்கிப் பிடித்து, ஒருவன் தவிர எல்லோரும் சாகிறார்கள். பிழைத்தவன் கிழவனாகிக் கல்லறைக்கு வருகிறான், பிறகு தன் சின்ன அறைக்குத் திரும்புகிறான். திரையில் 1959 சட்டத்தைப் பற்றிய எழுத்து ஓடுகிறது. கண் கலங்கும்தான். என் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இவ்வளவு வீரமாகச் செத்தார்களே, இவர்களுக்குப் போய்க் கொடுக்காமல் விட்டார்களே என்பதுதான் படம் வைக்கிற வாதம். அப்படியானால் ஒரு தோட்டாவும் சுடாமல் பதினைந்து வருஷம் கிடங்கு வாசலில் காவல் நின்றவருக்கு? சமையல்கட்டில் இருந்தவருக்கு? அவருடைய உரிமை கொஞ்சம் குறைந்ததா?

இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. ஷிராக் அரசு 2007 ஜனவரி 1 முதல் சமமாக்கியது, போர் வீரர் உதவித்தொகையையும் காயத்துக்கான ஊனமுற்றோர் பென்ஷனையும் மட்டும்தான். 'நெருப்பைக் கண்டதற்கான' சலுகைகள் என்றே அவற்றுக்குப் பெயர். 23 நாடுகளில் ஏறக்குறைய 80,000 பேருக்கு அது போனது, முந்தைய வருஷங்களின் பாக்கி இல்லாமல். பணிக்காலத்துக்கான சாதாரண ஓய்வூதியம் உறைந்தபடியே கிடந்தது. படம் எதைப் பார்த்து அழ வைத்ததோ, சட்டம் அதை மட்டும் சரிசெய்தது. படத்தின் வாதத்துக்கு இருந்த எல்லையே சட்டத்தின் எல்லையாகிவிட்டது.

மீதியைச் செய்தவர்கள் வழக்குப் போட்ட கிழவர்களும் அவர்களின் வாரிசுகளும். செனகலைச் சேர்ந்த 743 ஓய்வுபெற்ற சிப்பாய்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். பென்ஷன் கிடைத்தது செய்த பணிக்காக. பின்னால் குடியுரிமை மாறியது அதைக் குறைக்கக் காரணமாகாது என்று குழு 1989-இல் சொன்னது. 2001 நவம்பர் 30-இல், செனகல் ஜாந்தார்ம் அமது தியோப் வழக்கில், பிரெஞ்சு அரசவை நீதிமன்றமும் இந்தப் பாகுபாட்டை ஏற்கவில்லை. படம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே! அரசு என்ன செய்தது தெரியுமா? ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியபோது குடியிருந்த நாட்டின் வாங்கும் சக்தியை வைத்து ஒரு பெருக்கல் எண் கண்டுபிடித்தது. கடைசியில் 2010 மே 28-இல் அரசியல் சாசன மன்றம் அதையும் உடைத்தது. (எங்கள் ஒப்பந்தமும் ஒரு மே 28 என்பது வெறும் தற்செயல்.)

அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தை நெரவியில் உட்கார்ந்து படித்தால்தான் சுவை. வாழ்க்கைச் செலவு நாட்டுக்கு நாடு மாறும். அதைக் கணக்கில் எடுப்பது தப்பில்லை என்கிறது மன்றம். ஆனால் ஒரே வெளிநாட்டில் குடியிருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அந்த நாட்டுக்காரருக்கும் இடையில் வித்தியாசம் காட்ட முடியாது. காரைக்கால் மார்க்கெட்டில் மீன்காரம்மா பாஸ்போர்ட் பார்த்து விலை சொல்வதில்லை, அவ்வளவுதான் விஷயம். 2011 ஜனவரி 1 முதல் முழுச் சமம் வந்தது. ஆனால் தானாக வரவில்லை, விண்ணப்பித்தால்தான். மறுபடியும் அதே டீஃபால்ட். எழுதிக் கொடுக்காதவர் நஷ்டப்படுவார். அதற்குள் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

பிரான்சை மட்டும் திட்டிவிட்டுப் போக மனசில்லை, ஏனென்றால் நம்முடைய பட்டாளத்திலும் படிகமாக்கல் உண்டு. அங்கே குடியுரிமையை வைத்து உறைய வைத்தார்கள், இங்கே ஓய்வு பெற்ற தேதியை வைத்து. பென்ஷன் அரசு போடும் பிச்சை இல்லை, அது தள்ளிவைத்த சம்பளம் என்று உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17-லேயே சொல்லிவிட்டது. ஒரே பதவி, ஒரே பணிக்காலம் என்றால் எப்போது ஓய்வு பெற்றாலும் ஒரே பென்ஷன். பின்னால் வரும் உயர்வும் தானாகச் சேர வேண்டும். 2011-இல் கோஷ்யாரி குழு அளித்த வரையறை இது. 2015 நவம்பர் 7-இல் வந்த ஆணையில் அந்தத் 'தானாக' காணாமல் போய், 'ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை' ஆனது. உச்ச நீதிமன்றம் 2022 மார்ச் 16-இல் அது அரசின் கொள்கை முடிவு என்று விட்டுவிட்டது. 2019 ஜூலை 1-க்கான திருத்தத்தை அரசு முடிவு செய்தது 2022 டிசம்பரில். பாக்கித் தொகையையும் தவணையாகக் கொடுக்க, நீதிமன்றம் 2024 பிப்ரவரி 28 வரை கெடு வைத்தது. அந்தக் கால அட்டவணையில் 70 வயது தாண்டியவர்களுக்கும் குடும்ப ஓய்வூதியக்காரர்களுக்கும் முன்னுரிமை கொடுத்திருந்தார்கள். காத்திருக்க வைத்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

நம் மேடைகளில் ஜவானைப் பற்றிப் பேசும் எல்லாரும் 'ஆந்திஜேன்' கடைசிக் காட்சியைத்தான் பேசுகிறார்கள்: தியாகம், ரத்தம், கல்லறை. தக்காளிக் காட்சியைப் பேசுகிறவர்கள் குறைவு. படத்தைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். கப்பல் காட்சி வரும்போது ஒருமுறை நிறுத்தி, மறுபடி பாருங்கள். 2024 ஜூலை 1-க்கு அடுத்த திருத்தம், ஆணைப்படி, 2029 ஜூலை 1.