அந்நியக் கை எந்த வாசலில்?

மக்கள் தெருவுக்கு வந்துவிட்டால், ஆளவந்தோர் கண்ணுக்கு மக்கள் தெரிவதில்லை. கடலுக்கு அப்பாலிருந்து நீளும் கைதான் தெரிகிறது! ‘அந்நியக் கை! அந்நியப் பணம்!’ என்று முரசறைகின்றனர்.

2012இல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரை மீனவ மக்கள் போராடியபோது, பின்னணியில் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் என்றார் தலைமை அமைச்சர் மன்மோகன் சிங். 2021 பிப்ரவரியில், டில்லி எல்லையில் உழவர்கள் குளிரில் கிடந்தபோது, நாட்டை அழிக்கும் அந்நியக் கருத்து நுழைகிறது என மாநிலங்களவையில் எச்சரித்தார் நரேந்திர மோடி. அதே ஆண்டு நவம்பரில் வேளாண் சட்டங்கள் மூன்றும் திரும்பப் பெறப்பட்டன. பணிந்தது அந்நியனுக்கா, உழவனுக்கா? கட்சி வேறு, கொடி வேறு. பல்லவி மட்டும் ஒன்று!

அந்நியத் தலையீடே கிடையாது என்று வாதாட நாம் வரவில்லை. அது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. உண்டு, ஆனால் எந்த வாசல் வழியே வந்தது? அதைத்தான் கேட்கிறோம். விடை காணத் திருச்சிக்கு வாருங்கள், தோழர்களே!

1752இல் மலைக்கோட்டை நகரில் முகமது அலி. அவருக்குத் துணை ஆங்கிலப்படை. காவிரியின் மறுகரையில், திருவரங்கக் கோவிலின் மதில்களுக்குள் சந்தா சாகிபு. அவருக்குத் துணை பிரெஞ்சுப்படை. ஆற்காட்டு நவாபுப் பட்டம் எவருக்கு என்ற போட்டியில் அந்நியனை அழைத்து வந்தவன் உழவனா, நெசவாளியா? அரியணை ஆசை கொண்டோர் அல்லவா கதவைத் திறந்தனர்!

அரை நூற்றாண்டு கடந்தது. 1801 சூன் திங்களில் அதே திருச்சிக் கோட்டையிலும், அதே திருவரங்கத்து மதிலிலும் மருதுபாண்டியரின் அறிக்கை ஒட்டப்பட்டது. ஐரோப்பியருக்கு இடம் கொடுத்த நவாபின் மடமையை எடுத்துக்காட்டி, அவர்களை எதிர்த்தெழ மக்களை அழைத்தது அது. அரசர் அழைத்து வந்த அந்நியனை விரட்டக் கிளர்ச்சி எழுந்தது. ஒரே மதில் இரண்டையும் கண்டது!

பழங்கதை என்பீரோ? டில்லியில் அமெரிக்கத் தூதராயிருந்த மொய்னிகான் 1978இல் வெளியிட்ட நூலில், கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் மாநிலத் தேர்தலில் பொதுவுடைமையர் வெற்றியைத் தடுக்க, அமெரிக்க உளவுத்துறை காங்கிரசுக்குப் பணம் தந்தது என எழுதினார். காங்கிரசு மறுத்தது. எழுதியவர் தெருவில் நின்ற கிளர்ச்சிக்காரர் அல்லர், தூதர்!

தூத்துக்குடியைப் பாருங்கள். 2018 மே திங்களில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த மக்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். நீதிபதி அருணா செகதீசன் ஆணையம் காவல்துறையின் அத்துமீறலைச் சுட்டிக்காட்டிய பின்னரும், 2023 ஏப்ரலில் ஆளுநர் ஆர்.என். ரவி, அப்போராட்டத்தைத் தூண்டியது அந்நியப் பணம் என்றார். அந்த ஆலை எவருடையது? இலண்டனில் தலைமையகம் கொண்ட வேதாந்தா குழுமத்துடையது! அக்குழுமத்தின் நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றதில் காங்கிரசும் பாரதிய சனதாவும் அந்நிய நன்கொடைச் சட்டத்தை மீறின என 2014இல் டில்லி உயர்நீதிமன்றம் கண்டது. நடந்ததென்ன? 2016, 2018 நிதிச் சட்டங்களின் வழியே அச்சட்டமே முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. விலக்கு 1976 வரை நீண்டது. தொண்டு நிறுவனத்துக்குத் தணிக்கை, கட்சிக்கு மன்னிப்பு!

போராடுவோரிடம் அந்நியப் பணம் வந்திருந்தால் கணக்கைக் காட்டுங்கள், வழக்கு மன்றத்தில் மெய்ப்பியுங்கள், நாமும் கண்டிப்போம். ஆனால் பணம் வந்ததென்றே கொண்டாலும், ஆலைப்புகை மணக்குமா? அணு உலை பற்றிய அச்சம் தீருமா? குறைக்கு விடை கூறாமல் குறைகூறியவன் மடியைத் தடவுவது வாதமன்று, வஞ்சகம்.

1964 சனவரி 25 அன்று திருச்சி இரயிலடியில், இந்தித் திணிப்பை எதிர்த்துத் தன் உடலுக்குத் தீயிட்டு மாண்டார் கீழப்பழுவூர் சின்னச்சாமி. அந்த முடிவை எவரும் பின்பற்ற வேண்டா. போராட உயிர் வேண்டும். ஆயினும் கேட்கிறோம்: அவரைத் தூண்டிய அந்நியன் யார்?

எனவே இளைஞர்களே! ‘அந்நியக் கை’ என்ற கூச்சல் எழும்போது அஞ்சவும் வேண்டா, அப்படியே நம்பவும் வேண்டா. சான்று எங்கே எனக் கேளுங்கள். கேட்ட பின், கோட்டைக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்!